அண்ணையின் ஜப்பான் பாட்டு

எனக்கு ஜப்பான் மொழியில் ஒரு பாட்டு முழுதாகப் பாடம். அந்த மொழியில் வேறு ஒரு சொல்லும் தெரியாது, வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டில் எந்த இடத்தில் பெரிய மேளம் விழும், எந்த இடத்தில் பாடுகிற மனுசி குரலை உடைப்பாள் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அண்ணை பாடிப் பாடி என் காதில் ஏற்றிவிட்ட பாட்டு அது.

அண்ணை ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் ஒரு ஜப்பான் உணவகத்தில் வேலை செய்தார். தங்கச்சி நான் கல்யாணம் கட்டி, இவரோடு ஹம் நகரில் இருந்தேன். அவர் கல்யாணமே கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை உணவகம் பூட்டு என்பதால் காலை ரயிலில் எங்களிடம் வருவார். பூசைக்குப் போய்வந்து, ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டு, யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்துக் கதைத்துவிட்டுப் பின்னேரம் திரும்பிப் போவார். எங்கள் வீட்டு ஞாயிறு அவரைச் சுற்றித்தான் ஓடியது.

கோப்பை கழுவத்தான் முதலில் போனார். பிறகு அரிசி கழுவ விட்டார்கள், அதற்குப் பிறகு மீன் வெட்ட. "கடற்கரையில பிறந்தவருக்கு மீன் வெட்டப் பழக்க ஜப்பான்காரன் வேண்டிக் கிடக்கு" என்று நான் பகிடி பண்ணுவேன். "எங்கட ஊர் வெட்டு வெட்டினா அந்தாள் என்னை வெட்டிப்போடும்" என்பார் அவர்.

முதலாளி ஜப்பானின் வடக்குப் பக்கத்து ஆள், பனி கொட்டுகிற ஊர். ஒரு மாரிகாலத்தில் அங்கேயிருந்து அவருடைய தங்கை ஒரு சீடி அனுப்பினாள். அதில் பாடினவளின் கதையை முதலாளி தன் உடைந்த ஜெர்மனில் சொல்ல, அண்ணை தன் உடைந்த ஜெர்மனில் விளங்கி, எங்களுக்குத் தமிழில் வந்து சொன்னார். வழியில் எவ்வளவு சிந்திப் போனதோ தெரியாது. என்கா என்று அவர்களிடம் ஒரு வகைப் பாட்டு இருக்கிறதாம். பிரிவும் துறைமுகமும் மழையும் குடியும் இல்லாமல் என்கா இல்லையாம். அந்த மனுசி இளம் வயதிலிருந்து அதைத்தான் பாடினவள். சுடுதண்ணி ஊற்று இருக்கிற விடுதிகளில், ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஒருவரும் நிமிர்ந்து பார்க்காமல் வருசக் கணக்காகப் பாடியிருக்கிறாள். இளமை எல்லாம் போன பிறகு இந்தப் பாட்டுக் கிடைத்தது. வழக்கமாக வாசிக்கிற வயலினையும் ட்ரம்பெட்டையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மூன்று நரம்பு வைத்த ஷாமிசென், மூங்கில் குழல், ஆள் உயர மேளம் என்று பழைய வாத்தியங்களை முன்னுக்குக் கொண்டுவந்தார்களாம். கிழடுகளின் பாட்டு என்று காதைப் பொத்திக்கொண்டிருந்த இளசுகளும் திரும்பிப் பார்த்தார்களாம். அந்த ஒரு பாட்டோடு அவள் பெரிய ஆளாகிவிட்டாள்.

முதலாளி அதை மத்தியானச் சமையல் முடிந்து பின்னேரக் கதவு திறக்கும்வரை திரும்பத் திரும்பப் போடுவார். வாடிக்கையாளர் வந்ததும் நிறுத்திவிட்டு மெல்லிய பியானோவுக்கு மாற்றிவிடுவார். ஜெர்மன்காரருக்குச் சாப்பிடுகிற நேரத்தில் அழுகை செமிக்காது என்று சொல்வாராம்.

"பிள்ளை, இதைக் கேட்டுப்பார்" என்று அண்ணை ஒரு ஞாயிறு சீடியைக் கொண்டுவந்து போட்டார். "எங்கட வியாகுலப் பிரசங்கம் மாதிரியே கிடக்கு."

வியாகுலப் பிரசங்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். தவக்காலத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் யேசுவின் பாடுகளை இழுத்து, ஏற்றி, குரலை உலுக்கிப் படிப்பார்கள். அண்ணை இளந்தாரியாக இருந்தபோது படித்தவர். ஒலிபெருக்கியில் அவர் குரல் கடற்கரைவரை போகும். அம்மா முன்வரிசை வாங்கில் இருக்கமாட்டார், கோயிலுக்கு வெளியே வேப்பமரத்துக்குக் கீழே நிற்பார். வெளியே நிற்கிற சனம் என்ன சொல்லுகிறது என்று கேட்க வேண்டுமாம். மாதா மகனைத் தேடி அழுகிற இடம் வந்தால் பெண்கள் எல்லாரும் அழுவார்கள். அம்மா அழமாட்டார். என்ர பிள்ளை படிக்கிறான் என்ற பெருமை அழ விடாது.

ஜெர்மனிக்கு வந்த பிறகு அண்ணைக்கு அந்தக் குரலுக்கு வேலை இருக்கவில்லை. தமிழ்ப் பூசையில் கிட்டாரோடு பாட இளம் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் குரல் ஜப்பான்காரியின் பாட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அர்த்தம் தெரியாமலே முழுப் பாட்டையும் பாடமாக்கினார். மேளம் வருகிற இடத்தில் எங்கள் மேசையில் தட்டுவார். கறிச்சட்டி குதிக்கும். நானும் திட்டுவேன்.

அம்மாவுக்கும் ஒருநாள் ரெலிபோனில் பாடிக் காட்டினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. முடிந்ததும் அம்மா கேட்டார்.

"இதென்ன பாசை மோனை?"

"ஜப்பான், அம்மா."

"ஆரையோ கூப்பிடுறாள் பாவம். கேட்டுதோ அந்தாளுக்கு?"

"எனக்கும் தெரியாதம்மா. முதலாளியைக் கேட்டுச் சொல்லுறன்" என்றார் அண்ணை.

அவர் கேட்டு வந்து சொன்னது இதுதான். மாரிகாலத் துறைமுகத்தில் ஒருத்தி நின்று, போகிற கப்பலைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். மேளம் கடல். குழல் பனிக்காற்று. கப்பலில் இருக்கிறவனுக்கு அந்தப் பாட்டில் ஒரு வரியும் இல்லை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவனும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அந்த மார்கழியில் உணவகத்தில் ஆண்டு முடிவு விருந்து வைத்தார்கள். போகிற வருசத்தை மறக்கிறதுக்கென்று அவர்கள் வைக்கிற விருந்தாம் அது. டுசல்டோர்ஃபில் வேலை செய்கிற ஜப்பான்காரர் நிறையப்பேர் வந்திருந்தார்கள். எங்களையும் கூப்பிட்டதால் நானும் இவரும் போனோம். கரோக்கேப் பெட்டியில் வாத்தியம் மட்டும் ஓட, ஒவ்வொருவராக எழும்பிப் பாட, முதலாளி அண்ணையையும் பிடித்து விட்டார். வெள்ளைச் சமையல் கோட்டோடு எழும்பி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர்க் கோயிலில் நின்றதைப் போலவே நின்று பாடினார். கழுத்துப் பட்டியைத் தளர்த்திவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். ஒரு வயதான மனுசி கைக்குட்டையை எடுத்தாள்.

அண்ணையின் குரல் அன்றைக்குக் கொஞ்சம் கரகரத்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். ஏற்றுகிற இடத்தில் உடைந்து, பிறகு கிழிந்துகொண்டு மேலே போனது. பாட்டு முடிந்து எல்லாரும் கை தட்டினார்கள். முதலாளி வந்து அண்ணையின் தோளைப் பிடித்து, அந்தக் கரகரப்புத்தான் பாட்டின் உயிர் என்றார். அவருடைய ஊரில் அந்தக் குரல் வருவதற்காகவே பனிக்குள் நின்று கத்திப் பழகுகிறவர்கள் இருந்தார்களாம். உனக்கு அது தானாக வந்திருக்கிறது, கொடுத்து வைத்தவன் நீ என்றார். ரயிலில் வரும்போது நானும் இவரும் அதையே சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டோம்.

தொண்டையில் நோய் வைத்துக்கொண்டு பாடின குரலுக்குத்தான் அத்தனை பேரும் கை தட்டினோம்.  அந்த விருந்தில் யாராவது ஒருவர், குரல் நல்லாயில்லையே, டொக்டரிடம் காட்டு என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லியிருக்கக் கூடாதா?

பங்குனியில் அவருக்கு விழுங்கக் கஷ்டமானது. காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் டெர்மின், அதுதான் நாளும் நேரமும், எடுத்துப் போனோம். அங்கேயிருந்து பெரிய ஆஸ்பத்திரி. குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தால் ஆள் பிழைப்பார், கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதால் மூச்சு விடுவார் என்று டொக்டர் படம் கீறிக் காட்டினார். அண்ணை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், பாடலாமோ என்று. டொக்டர் நல்ல மனுசன், சுற்றி வளைக்கவில்லை.

வெளியே வந்து தரிப்பிடத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணை சொன்னார். "அம்மாவுக்குச் சொல்லாதே, பிள்ளை. ஊரில சண்டை, பாதை பூட்டிக் கிடக்கு, ஊரடங்கு, சாமான் இல்லை. அதுக்குள்ள இதுவும் வேண்டாம்."

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல? எங்கள் சனத்தில் அதுதானே வழக்கம். இங்கே நடக்கிற கெட்டது அங்கே போகாது, அங்கே நடக்கிறது இங்கே வராது. அப்பா செத்ததே அண்ணைக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதுக்கு நாங்கள் அன்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதில் அம்மாவே கெட்டிக்காரி என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் மூலைவீட்டு மனுசி ஒருவர் இருந்தார். வெளிநாடு வருகிற வழியில் அவருடைய மகன் இறந்துபோனான். மனுசிக்கு இருதய வருத்தம், சொன்னால் தாங்கமாட்டார் என்று ஒழுங்கை முழுவதும் கூடி முடிவெடுத்தது. மகன் வேலையில் நிற்கிறான், ரெலிபோன் எடுக்க நேரமில்லை என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள். அதைச் சொல்லுகிற பொறுப்பு அம்மாவுடையது. மகன் சுகம் கேட்டான் என்றுகூடப் போய்ச் சொல்லியிருக்கிறார். மனுசி நம்பிக்கொண்டே செத்தார். "நிம்மதியாப் போனவ" என்று அம்மா எனக்குத் திருப்தியோடு சொன்னது ஞாபகம் இருக்கிறது.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. ஆள் பிழைத்தார். மூச்சு மூக்கால் போகாததால் மணமும் தெரியாமல் போய்விட்டது. மீன் வெட்டுகிறவருக்கு மணம் இல்லை என்றால் எப்படி என்று நான் பயந்தேன். முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நெடுநேரம் தலை குனிந்து இருந்துவிட்டு, நீ வெட்டு, நான் மணந்து பார்க்கிறேன் என்றார். அந்த மனுசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற ஒரு கருவியும் அண்ணைக்குக் கொடுத்தார்கள். தகரப் பேணிக்குள் வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். எதிரே நின்று வாயைப் பார்த்தால்தான் எனக்கே விளங்கும். இந்தச் சத்தத்தை அம்மா கேட்கக்கூடாது என்று கையைக் காட்டி மறித்துவிட்டார்.

ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் நான் சொன்னேன். "அண்ணை வேலையில நிக்கிறார் அம்மா. இப்ப ஞாயிறும் திறக்கினம்." அண்ணை எனக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

முதலில் அம்மா, "சரி, வேலைதானே முக்கியம்" என்றார். பிறகு, "ஒரு நிமிசம் எடுத்துக் கதைக்க ஏலாதோ அவனுக்கு?" என்று கேட்டார். பிறகு அவரைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாம்பின் கால் பாம்பறியும்.

விருந்தில் அண்ணை பாடியதை யாரோ பதிந்து, முதலாளி அதைச் சீடியாக்கிக் கொடுத்திருந்தார். இவர்தான் யோசனை சொன்னார், அதைப் போட்டுக் கேட்கப் பண்ணுவோம், மனுசி ஆறுதலடையும் என்று. ஒரு ஞாயிறு, "அண்ணை உங்களுக்குப் பாடப்போறார் அம்மா" என்று சொல்லிவிட்டு ரெலிபோனைப் பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணை வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் கேட்கவில்லை. ஷாமிசென் தொடங்கியது, மேளம் விழுந்தது, அண்ணையின் பழைய குரல் எங்கள் குசினிக்குள் வந்து நிறைந்தது. அது இனி இல்லாத குரல். அண்ணை எழும்பிப் போய்ப் பல்கனியில் நின்றார். பாட்டு முடிந்து, நான் நிறுத்துவதற்குள் விருந்தின் கைதட்டலும் அம்மாவுக்குப் போய்விட்டது.

அம்மா கோபப்படவில்லை. "பிள்ளை" என்றார். "மூலைவீட்டு மனுசிக்கு நாங்கள் பாட்டுப் போட்டுக் காட்டேல்லை. எங்களிட்ட அந்தளவுக்கு வசதி இல்லை."

அதற்கு மேல் என்னால் ஏலாமல் போனது. எல்லாவற்றையும் சொன்னேன். தொண்டையில் நோய், ஒப்பரேசன், குரல்தான் போனது, ஆள் உயிரோடு இருக்கிறார், இங்கேதான் பல்கனியில் நிற்கிறார் என்று அழுதுகொண்டே சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டார்.

"அந்த மனுசிக்கு நானும் முதல்ல வேலை எண்டுதான் சொன்னனான்" என்றார். "பேந்து காய்ச்சல் எண்டனான். பேந்து தொண்டை கட்டிக் கதைக்கேலாமல் கிடக்கிறான் எண்டனான். உனக்கு நான் இதெல்லாம் சொல்லித் தந்ததில்லை. எப்பிடிப் பழகினாய்?"

அண்ணை உள்ளே ஓடிவந்தார். கருவியைக் கழுத்தில் அழுத்தி, "அம்மா" என்றார். ரெலிபோனிலும் இரைச்சல். சின்ன வயதில் தான் கிணற்றுக்குள் விழுந்ததையும் அம்மா சேலையைக் கட்டி இறக்கித் தூக்கியதையும் சொல்லத் தொடங்கினார். அவசரத்தில் கருவி வழுக்கி வழுக்கிப் போனது. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் விளங்கியது.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "தம்பி, நீங்கள் ஆர் பெத்த பிள்ளையோ தெரியாது. அவையளுக்கு உதவி செய்யத்தான் வந்திருக்கிறியள். புண்ணியம். ஆனா இனி இப்பிடிச் செய்யாதேங்கோ. நான் தாங்குவன்."

அண்ணை கருவியை மேசையில் வைத்தார். இந்த வாழ்க்கையில் என் அண்ணை அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமே வரவில்லை, கழுத்துத் துளைக்கு முன்னால் கட்டியிருந்த துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. படம் எடுத்து அனுப்பினோம். அது போய்ச் சேர மாதக் கணக்கானது. "பிள்ளை மெலிஞ்சுபோய் இருக்கிறான், எப்ப எடுத்த படமோ" என்று அம்மா அதை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாராம், மாலை போட்டு. அம்மாவோடு இருந்த சின்னம்மா, அவன் உயிரோடு இருக்கிறான் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். "நானும் சத்தியம் பண்ணினனான்" என்றாராம் அம்மா. முகம் பார்த்துக் கதைக்கிற கொம்பியூட்டர் கடை டவுனில் இருந்தது. அதற்கு ஊரடங்கும் அம்மாவின் முழங்காலும் விடவில்லை. அண்ணையே போய் நிற்பது என்றால் கொழும்புக்குப் போகலாம், அதற்கு அப்பால் பாதை இல்லை. அத்தோடு ஒவ்வொரு மாதமும் சோதனை என்று ஆஸ்பத்திரி அவரை விடவில்லை.

அதற்குள் அம்மா சுவாமியாரிடம் போய் மகனுக்காக, செத்தவர்களுக்கு வைக்கிற முப்பத்தோராம் நாள் பூசையும் ஒப்புக்கொடுத்துவிட்டார். எந்த நாளிலிருந்து எண்ணினாரோ தெரியாது. ஊரில் சிலர் வந்து துக்கம் விசாரித்தார்களாம்.

பூசை முடிந்த ஞாயிறு நான் ரெலிபோன் எடுத்தபோது அம்மாவின் குரல் தெளிவாக இருந்தது. "இனிப் பொய் சொல்லிக் கஷ்டப்படாதே பிள்ளை. நீயும் சின்னனிலயிருந்து அவனோட வளர்ந்தனீ. வா, ரெண்டுபேரும் அவனுக்காகச் செபிப்பம்" என்றார்.

இறந்தவர்களுக்குச் சொல்லுகிற செபத்தை அம்மா தொடங்கினார். ஒரு வரி அவர் சொல்ல, மறு வரி நான் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படிச் சொல்லுவது? அந்தப் பக்கம் அம்மா நின்றுவிட்டு, திரும்பவும் முதல் வரியைச் சொன்னார். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, எனக்குத் தலையை அசைத்தார். சொல்லு என்று கையைக் காட்டினார். நான் சொன்னேன். எனக்கு முன்னால் அவருடைய உதடுகளும் அசைந்தன. தன் ஆத்துமத்துக்காகத் தாய் கேட்ட செபத்துக்கு அவரும் சத்தமில்லாமல் மறுமொழி சொன்னார். அதற்குப் பிறகு வந்த ஞாயிறு எல்லாம் அப்படித்தான்.

அடுத்த வருசம் மழைக்காலத்தில் அம்மா போய்விட்டார். சின்னம்மாதான் காலையில் எனக்குச் சொன்னார். "ஞாயிறுவரை அண்ணைக்குச் சொல்லாதே, வேலையில நிப்பான்" என்றும் சேர்த்துச் சொன்னார். நான் ரெலிபோனை வைத்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டேன். எவருடைய பேச்சையும் கேட்கிற நிலையில் நான் இருக்கவில்லை. அடுத்த ரயிலில் டுசல்டோர்ஃபுக்குப் போனேன்.

போய்ச் சேரும்போது உணவகம் இன்னும் திறக்கவில்லை. பின்கதவால் உள்ளே போனேன். அந்தப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒப்பரேசனுக்குப் பிறகு முதலாளி அதைத் தூக்கி வைத்துவிட்டார், அண்ணைதான் தானாகத் தேடி எடுத்துத் திரும்பப் போட்டாராம். அவர் பெரிய பாத்திரத்தில் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்தார்.

"அம்மா போயிட்டா" என்றேன். "இண்டைக்குக் காலமை."

அவர் கருவியை எடுத்தார். "ஏதும் சொன்னவவோ?"

சின்னம்மா சொன்னதை நான் மறைத்திருக்கலாம். மறைத்த வரைக்கும் போதும் என்று இருந்தது எனக்கு.

"சந்தோசமாப் போனவவாம் அண்ணை. மேல உங்களிட்டப் போறன் எண்டு சொன்னவவாம்."

அவர் கருவியைச் சமையல் கோட்டுப் பைக்குள் வைத்தார். பின்னால் அந்த மனுசி துறைமுகத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடியும்வரை அண்ணை அப்படியே நின்றார். பிறகு திரும்பி, பாத்திரத்தில் கலங்கியிருந்த தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தார்.